நேராக நிற்பதற்கு ஒரு சான்றிதழ்

இருபத்தாறு வருடம் ஏணி ஏறிய மனிதர் கடைசியில் விழுந்தது தரையில். அதுவும் நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடி வராந்தாவில், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகிற வழியில்.

அவருக்குத் தெருவிளக்குப் பிரிவில் வேலை. விளக்குக்காரர் என்றால் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். காலையில் வண்டி ஓட்டுநரோடு கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் பத்துப் பன்னிரண்டு கம்பம் ஏறி இறங்கிவிடுவார். ஒரு கையால் கம்பத்தைத் தழுவிக்கொண்டு மறு கையால் கருகின விளக்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். கீழே ஏணியைப் பிடித்திருக்கும் ஓட்டுநரோடு வீட்டுக் கதையும் பேசுவார். பலமாகக் காற்றடித்தால் ஏணி ஆடும். அவரும் அதோடு சேர்ந்து கொஞ்சம் ஆடிவிட்டு வேலையைத் தொடர்வார். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றோ, அதைச் சொல்லிக்கொடுக்க நாலு மாடிக் கட்டடம் கட்டியிருப்பார்கள் என்றோ அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு வராந்தாவைச் சோப்புத் தண்ணீர் விட்டு அப்போதுதான் துடைத்திருந்தார்கள். கால் வழுக்கியது. மல்லாந்து விழுந்தார். முழங்கையில் லேசான சிராய்ப்பு. எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பார். ஆனால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து கண்காணிப்பாளர் பார்த்துவிட்டார். கண்காணிப்பாளர் எதையாவது பார்த்துவிட்டால் அதை எழுதியாக வேண்டும்.

"உட்காருங்க. விபத்து அறிக்கை எழுதணும்."

"எனக்கு ஒண்ணும் ஆகலை சார்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு நீங்களே சொன்னா எப்படி? அதுக்குத்தானே படிவம் வெச்சிருக்கோம்."

படிவத்தில் 'விழுந்ததற்கான காரணம்' என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே மூன்று கட்டங்கள்: சமநிலை இழப்பு, கவனக்குறைவு, இயற்கைச் சீற்றம்.

"தரை ஈரமா இருந்துச்சு சார்."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"ஓரத்துல எழுதிடலாமே சார்."

கண்காணிப்பாளர் பேனாவை மூடி வைத்தார். "நல்லாக் கேட்டுக்குங்க. தரை ஈரம்னு எழுதினா தரை மேல விசாரணை வரும். தரையைத் துடைக்கச் சொன்னது யாரு? நான். அப்போ நான் என்னையே கூப்பிட்டு விசாரிக்கணும். நான் ரொம்பக் கண்டிப்பான ஆளு, என்னை லேசுல விடமாட்டேன். எதுக்கு நமக்குள்ள அந்த வம்பு? கவனக்குறைவுன்னு போட்டா உங்க பேருக்குக் கரும்புள்ளி. சமநிலை இழப்புன்னு போட்டா ஜலதோஷம் மாதிரி. வந்துச்சு, போச்சு. யார் மேலயும் குத்தம் இல்லை."

ஜலதோஷம் மாதிரி என்றதும் விளக்குக்காரருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முதல் கட்டத்தில் தன் கையாலேயே ஒரு கோடு போட்டார்.

பதினைந்து நாளில் ஆணை வந்தது. முழுவுடல் சமநிலை மற்றும் உடலுணர்வு மேம்பாட்டு நிலையத்தில் சான்றிதழ் பெறும்வரை அவர் ஏணியில் கால் வைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் சான்றிதழ் பெறாவிட்டால் கீழ்த்தளக் கோப்பறைக்கு நிரந்தரமாக மாற்றப்படுவார்.

கீழ்த்தளக் கோப்பறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே வேலை பார்த்த ஒருவர் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தால் இரண்டு கையாலும் கண்ணை மறைத்துக்கொண்டுதான் வருவார். விளக்குக்காரர் தன் வாழ்நாளில் பாதியை மரங்களின் உச்சி தெரியும் உயரத்தில் கழித்தவர். ஆணையைப் படித்துவிட்டு அன்று வீட்டில் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். சட்டைக் காலரில் சுருக்கம் எங்கே ஒளிந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"விழுந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ஈரத்துல. ஈரத்துல வழுக்காம இருக்க நீங்க என்ன பல்லியா?" என்றாள்.

"ஒரு வாரத்துல முடிச்சுட்டு வந்துடுவேன். நேரா நிக்கணும், அவ்வளவுதானே. நின்னு காட்டிட்டு வர்றேன்."

"நேரா நிக்குறதுக்கு ஒரு சான்றிதழ்! நாளைக்கு மூச்சு விடுறதுக்கும் கேப்பானுங்க. இப்பவே ஒரு நகல் எடுத்து வெச்சுக்குங்க."

நிலையத்தின் காத்திருப்பு அறையில் நாற்காலியே இல்லை. இடுப்பு உயரத்துக்குப் பெரிய பெரிய ரப்பர் பந்துகள் கிடந்தன. 'காத்திருப்பதும் பயிற்சியே' என்று சுவரில் எழுதியிருந்தது. முப்பது பேர் மடியில் கோப்பை அணைத்துக்கொண்டு பந்துகளின் மேல் உட்கார்ந்து மேலும் கீழுமாக மெல்ல எழும்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் பந்து உருண்டுவிடும்.

பக்கத்துப் பந்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பேருந்து நடத்துநர் இருந்தார். பந்து அவரோடு பழகின நாய்க்குட்டி மாதிரி அடங்கிக் கிடந்தது.

"புதுசா?" என்றார் நடத்துநர்.

"ஆமாங்க. நீங்க?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

விளக்குக்காரரின் பந்து நழுவியது. நடத்துநர் திரும்பாமலேயே ஒரு காலை நீட்டி அதைத் தடுத்தார்.

"முப்பது வருஷம் ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம நின்னவன் நான். ஒரு நாள் நின்ன பஸ்ல விழுந்து தொலைச்சேன். எவனோ எறிஞ்ச பழத்தோலு. உங்களுக்கு எவ்வளவு நாள் கெடு?"

"ஆறு மாசம்."

"குடுத்து வெச்சவரு. எங்க ஆபீஸ்ல கெடுவே கிடையாது."

பயிற்சியாளர் இருபத்தைந்து வயது இருக்கும் பெண். எப்போதும் சிரித்த முகம். யார் என்ன செய்தாலும் "சூப்பர்!" என்று சொல்லிவிட்டுக் குறைந்த மதிப்பெண் போடுவாள். முதல் நாள் அவள் அவரை ஒரு பலகையின் மேல் நிற்கச் சொன்னாள். பக்கத்துத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. அவர் உடம்பின் நடுப்புள்ளி அதுதானாம். ஏணியின் உச்சியில் நிற்பதுபோலவே இயல்பாக நின்றார். புள்ளி கொஞ்சம் அசைந்தது.

"சூப்பர்! எண்பத்தொண்ணு. எண்பத்தஞ்சு எடுத்தா சான்றிதழ்."

"அப்போ நாலு மார்க்குதான் பாக்கியா மேடம்?"

"ஆமா. அந்த நாலுதான் சமநிலை. மிச்ச எண்பத்தொண்ணும் வெறும் பழக்கம்."

அடுத்து உடலுணர்வுத் தேர்வு. கண்ணைக் கட்டிவிட்டு அவருடைய இடது கையைத் தூக்கி எங்கேயோ நிறுத்தினாள்.

"இப்போ உங்க முழங்கை எங்க இருக்கு?"

"இங்கதான்."

"'இங்க'ன்னு சொன்னா பதிவு பண்ண முடியாது. டிகிரியில சொல்லுங்க."

"என் முழங்கை மேடம். என்னோடதான் வந்துச்சு."

"சூப்பர்," என்றாள் அவள். 'தன் உடல் உறுப்புகளின் இருப்பிடம் குறித்து விண்ணப்பதாரருக்குத் தெளிவில்லை' என்று எழுதிக்கொண்டாள்.

பிறகுதான் அதிர்மேடைக்கு அழைத்துப் போனாள். எடை பார்க்கும் இயந்திரம் மாதிரி ஒரு தட்டு, முன்னால் ஒரு கைப்பிடி, ஒரு பொத்தான். முழங்காலைச் சற்று மடக்கி, வயிற்றை உள்ளே இழுத்து நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் தட்டு நொடிக்கு முப்பது தடவை அதிரும். உள்ளங்காலில் தொடங்கிய அதிர்வு தொடை வழியாக ஏறி, குடலைக் குலுக்கி, பல் வரிசையை அடைந்தது. மூக்கு அரித்தது. சொறியக் கையை எடுத்தால் மூக்கு இருந்த இடத்தில் இல்லை. எதிரே இருந்த பயிற்சியாளர் மூன்று பேராகத் தெரிந்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"எப்படி இருக்கு?"

"ந-ந-ந-நல்லா..."

'பேச்சில் தடுமாற்றம்' என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

அதே தட்டில் முழங்கையை ஊன்றிக் குப்புறக் கிடக்க வேண்டும். உடம்பின் நடுப்பகுதி பலமாக இருந்தால்தான் மனிதன் நிற்பான் என்பது நிலையத்தின் கொள்கை. வயிற்றுத் தசையைக் கல்லாக்கிக்கொண்டு மூன்று நிமிடம். அதற்குப் பிறகு ஒற்றைக் காலில், கண்ணை மூடி, ஐந்து நிமிடம். எல்லாம் முடிந்து இறங்கினால் தரை படகு மாதிரி ஆடியது. அந்த நேரத்தில்தான் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். அவர் போட்ட கையெழுத்து மழையில் நனைந்த கோழி நடந்து போன தடம் மாதிரி இருந்தது.

ஒரு வாரம் கழித்து நகராட்சி அலுவலகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. கண்காணிப்பாளரின் மேசையில் நிலையத்து வருகைப் பதிவேட்டின் நகல் இருந்தது.

"இது உங்க கையெழுத்து இல்லையே."

"என்னோடதுதான் சார். மெஷின்லேருந்து இறங்கினதும் கை நடுங்குது."

"இருக்கலாம். ஆனா எங்க பதிவுல உள்ள கையெழுத்து நேரா இருக்கு. யாரோ வேற ஆளு உங்க பேர்ல போய்ப் பயிற்சி எடுக்குறார்னு நான் சந்தேகப்பட்டாகணும். வேற வழியே இல்லை."

"சார், யாராவது இன்னொருத்தருக்காகப் போய் அதுல நிப்பாங்களா?"

"அதை விசாரணையில சொல்லுங்க."

விசாரணை மூன்று வாரம் நடந்தது. அவர் அவர்தான் என்று கடைசியில் முடிவாயிற்று. ஆனால் இரண்டு கையெழுத்து இருப்பது விதிக்கு முரண். அதனால் நடுங்கும் கையெழுத்தையே அவருடைய அதிகாரபூர்வமான கையெழுத்தாகப் பதிவு செய்தார்கள். நடுங்காத கையெழுத்து இனிமேல் செல்லாது. கை சற்றே ஓய்ந்திருக்கும் காலை வேளைகளில்கூட அவர் வேண்டுமென்றே நடுங்கிக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அதற்காக வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டு முழுக்கப் பழகினார். தன்னுடைய கையெழுத்தைத் தானே கள்ளக் கையெழுத்துப் போடும் முதல் மனிதர் தான்தான் என்று நினைத்து ஒரு தடவை சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

இரண்டாம் மாத முடிவில் பலகைமேல் நிறுத்தினார்கள். எழுபத்தேழு.

"சூப்பர்! குறைஞ்சிருக்கு. அதனால அதிர்வு நேரத்தை ரெண்டு மடங்கு ஆக்குறோம்."

"ஏறியிருந்தா?"

"ஏறியிருந்தா அது நிலைக்குதான்னு பாக்க ரெண்டு மடங்கு ஆக்குவோம்."

மூன்றாம் மாதம் எழுபத்தொன்று. அவர் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டார்: "மேடம், இதுல நிக்க நிக்கத்தான் எனக்குத் தரை ஆடுது. வர்றதுக்கு முன்னாடி ஆடலை."

பயிற்சியாளருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. "அதுதான் முன்னேற்றம்! முன்னாடியும் தரை ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியலை. இப்போ தெரியுது பாருங்க, அதுக்குப் பேருதான் உடலுணர்வு."

அன்று பந்தின் மேல் காத்திருந்தபோது நடத்துநர் ஒரு யோசனை சொன்னார். வெளியே ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டி, உடம்பில் குறையில்லை என்று எழுதி வாங்கி வரலாம் என்றார். விளக்குக்காரர் அப்படியே செய்தார். காதில் ஒளி அடித்துப் பார்த்து, முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "ஒரு குறையும் இல்லை, அந்த மெஷின்ல ஏறுறதை மட்டும் நிறுத்துங்க" என்றார் மருத்துவர். அதையே கடிதமாகவும் கொடுத்தார். நிலையம் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த மருத்துவர் தன் சொந்தச் சமநிலைக்கு இன்னும் சான்றிதழ் பெறவில்லையாம்.

இயக்குநரைப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அதற்கு மனு எழுதிப் பதினெட்டு நாள் ஆயிற்று.

இயக்குநரின் அறை நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்திலேயே சாய்வதற்கு முதுகும் ஊன்றுவதற்குக் கைகளும் உள்ள ஒரே நாற்காலியில் அவர் புதைந்திருந்தார். அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

"உட்காருங்கன்னு சொல்லமாட்டேன்," என்றார் இயக்குநர் கனிவாக. "நிக்கிறது உங்களுக்கு நல்லது. சொல்லுங்க."

விளக்குக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எண்பத்தொன்று எழுபத்தொன்று ஆனதைச் சொன்னார். கெடு முடிய இரண்டு மாதம்தான் இருப்பதையும் ஜன்னலில்லாத கோப்பறையையும் சொன்னார்.

இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேசினார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த நிலையம் ஆரம்பிச்சு ஆறு வருஷம். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்குக்கூட நாங்க சான்றிதழ் குடுத்ததில்லை. ஒருத்தருக்குக்கூட! அவ்வளவு தரம். சான்றிதழ் குடுத்தா என்ன ஆகும்? வாங்கினவர் வெளியில போயிடுவார். போனவர் எங்கயாவது விழுந்தா எங்க பேரு கெடும். இங்கயே இருந்தார்னா, விழுந்தாலும் மெத்தை மேல விழுவார். யாரு பாதுகாப்பா இருக்காங்க? நீங்கதான். என்னையே எடுத்துக்குங்க. ஆறு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ஒரு தடவை விழுந்திருக்கேனா? அதுதான் சமநிலை. அது எல்லாருக்கும் வாய்க்காது. உங்களை மாதிரி நிக்குறவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்."

"அப்போ எனக்கு எப்பதான் சார் கிடைக்கும்?"

"அந்த அவசரம் இருக்கு பாருங்க, அதுதான் உங்களைச் சாய்க்குது."

வெளியே வந்தவர் மாடிப்படிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கினார். பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது: இதுவரை தன் வாழ்நாளில் எந்த மாடிப்படியிலும் அவர் கைப்பிடியைத் தொட்டதில்லை.

வீட்டில் அவருடைய தேநீர்க் குவளையை மனைவி பாதிக்கு மேல் நிரப்புவதை நிறுத்திவிட்டாள். சொல்லாமல்தான் நிறுத்தினாள். அவர் குளியலறைக்குப் போகும்போது சுவரைத் தடவிக்கொண்டு போவதை இஸ்திரிப் பெட்டி ஆறட்டும் என்று காத்திருக்கிறவளைப்போல் எங்கேயோ பார்த்துக்கொண்டு கவனித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, போதும். அந்த இடத்துக்குப் போகாதீங்க. கோப்பறைன்னா கோப்பறை. ஜன்னல் இல்லைன்னா என்ன, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாத்துக்குங்க. இங்க ரெண்டு ஜன்னல் இருக்கு."

"பாதியில விட்டுட்டா, எனக்கு நிக்கத் தெரியலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"தெரியும்னு நான் சொல்றேன். போதாதா?"

"நீ சான்றிதழ் வாங்கலையே," என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் குரலிலும் அந்த அதிர்வு இருந்தது. அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஐந்தாம் மாதம் நிலையத்துக்கு ஆய்வு அதிகாரி வந்தார். வயதான பெண்மணி. கைத்தடி ஊன்றி நடப்பவர். காத்திருப்பு அறையில் அவருக்கும் ஒரு பந்தைத்தான் காட்டினார்கள். அவர் பந்தை ஒரு பார்வை பார்த்தார். கைத்தடியால் ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றபடியே இருந்தார். அவருக்காக இயக்குநரை நாற்காலியோடு தூக்கிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் சான்றிதழ் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"பூஜ்யம் மேடம்," என்றார் இயக்குநர் பெருமையோடு.

"பூஜ்யமா? அப்போ இங்க வந்தவங்க எல்லாம்?"

"எல்லாரும் பத்திரமா இருக்காங்க மேடம். இதோ."

அதிகாரி முப்பது பந்துகளையும் பார்த்தார். முப்பது பேரும் எழும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு வருஷத்துல ஒருத்தரைக்கூட நேரா நிக்க வைக்க முடியலைன்னா இந்தக் கட்டடம் எதுக்கு?" என்றார் அதிகாரி. "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒருத்தராவது தேறிப் போகணும். இல்லைன்னா இழுத்து மூடச் சொல்லி எழுதிடுவேன்."

அவர் போன பிறகு நாலாம் மாடியில் அவசரக் கூட்டம் நடந்தது. யாரைத் தேர்ச்சி பெற வைப்பது என்பது கேள்வி. நடத்துநரைச் சொன்னார்கள். அவர் இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது என்று இயக்குநர் மறுத்துவிட்டார். கடைசியில் கெடு நெருங்கியிருக்கும் விளக்குக்காரரின் பெயர் வந்தது. ஒரே ஒரு சிக்கல். அவருடைய மதிப்பெண் அப்போது ஐம்பத்திரண்டு. அறிக்கையில் வைக்க வேண்டிய வரைபடத்தில் கோடு இடது மேல் மூலையில் தொடங்கி, மலையிலிருந்து உருண்ட கல் மாதிரி வலது கீழ் மூலையில் போய் விழுந்தது.

பயிற்சியாளர்தான் வழி கண்டுபிடித்தாள். வரைபடத்தைத் தலைகீழாக மாட்டினாள். ஆனாலும் கோடு கீழே இறங்குவதாகவே தெரிந்தது. பிறகு கண்ணாடியில் காட்டிப் படம் எடுத்தாள். இப்போது கோடு கம்பீரமாக மேலே ஏறியது. எண்கள் மட்டும் இடவலமாக மாறியிருந்தன. அவற்றை வெள்ளை மையால் அழித்துவிட்டு எண்பத்தாறு என்று ஒரே ஒரு எண்ணை எழுதினார்கள்.

"மேடம், எனக்கு ஐம்பத்திரண்டுதானே?" என்று விளக்குக்காரர் அவளிடம் கேட்டார்.

முதன்முறையாக அவள் சிரிக்காமல் அவரைப் பார்த்தாள். "வாங்கிட்டுப் போயிடுங்கண்ணே," என்றாள் தணிந்த குரலில். "திரும்பி வராதீங்க."

சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு மேடை போட்டிருந்தார்கள். இரண்டே படிதான். அந்த இரண்டு படி ஏற அவருக்கு ஒரு பக்கம் பயிற்சியாளரும் மறு பக்கம் நடத்துநரும் கை கொடுக்க வேண்டியிருந்தது. இயக்குநர் உட்கார்ந்தபடியே உரையாற்றினார்.

"இங்க வந்தப்போ இவருக்குத் தன்னோட முழங்கை எங்க இருக்குன்னே தெரியாது. இன்னிக்கு இவரைக் கேளுங்க. உடம்புல ஒவ்வொரு நரம்பும் எங்க இருக்கு, எப்படி நடுங்குதுன்னு அவருக்குத் தெரியும். ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன விழிப்பு வேணும்? இவரை விட்டுப் பிரிய எனக்கு மனசே இல்லை. மேலேயிருந்து உத்தரவு. அதனால அனுப்புறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். பந்தின் மேல் இருந்தவர்கள் தட்ட முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

வாசல்வரை நடத்துநர் கூட வந்தார். நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"நீங்களும் வந்துடுங்களேன். இந்த வேலை இல்லைன்னா வேற வேலை," என்றார் விளக்குக்காரர்.

நடத்துநர் வெளியே இருந்த தெருவைப் பார்த்தார். அசையாமல் கிடந்த சிமெண்டு நடைபாதையைப் பார்த்தார்.

"பயமா இருக்குய்யா," என்றார். "எனக்கு அந்த மெஷின் மேல நிக்கும்போதுதான் நேரா இருக்கு."

மறு வாரம் விளக்குக்காரர் வேலைக்குத் திரும்பினார். கண்காணிப்பாளர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கோப்பில் நகலைச் சேர்த்தார். கை குலுக்கினார். "பாத்தீங்களா? ஜலதோஷம் மாதிரின்னு சொன்னேன்ல," என்றார்.

ஐந்தரை மாதத்தில் நகரத்தில் நூற்றுக்கு மேல் விளக்குகள் கருகியிருந்தன. ஓட்டுநர் வண்டியை முதல் கம்பத்தடியில் நிறுத்தினார். வழக்கம்போல் ஏணியைச் சாய்த்து, காலால் அண்டை கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்கண்ணே. நீங்க இல்லாம போர் அடிச்சுப்போச்சு. இடையில ஒருத்தனை அனுப்பினாங்க, ஏறவும் மாட்டான், பேசவும் மாட்டான்."

விளக்குக்காரர் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது படியில் வலது முழங்கால் அதிரத் தொடங்கியது. நொடிக்கு முப்பது தடவை இருக்கும். பொத்தானை அழுத்த யாரும் இல்லை. நிறுத்தவும் யாரும் இல்லை.

"என்னண்ணே, ஏணி ஆடுதா?"

"ஏணி ஆடலை," என்றார்.

அப்படியே நின்றார். மேலே பன்னிரண்டு படி இருந்தது. கீழே நாலு. நாலு படி இறங்கினால் ஒரு படிவம் காத்திருந்தது. அதில் மூன்று கட்டம்தான் என்று அவருக்குத் தெரியும். படிவத்துக்கு அடுத்து அந்த நாலு மாடிக் கட்டடம். அதுவும் வேண்டாம் என்றால் ஜன்னலில்லாத அறை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவர் கீழே பார்த்தார். ஓட்டுநரின் வழுக்கைத் தலை வெகு தூரத்தில் தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். கம்பத்தை ஒரு கையால் தழுவுகிற வழக்கம் போய், இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். பிறகு எந்தக் கையை விடுவது என்று தீர்மானிக்க வெகு நேரம் ஆயிற்று. கீழேயிருந்து ஓட்டுநர் தன் மகள் கல்யாணப் பேச்சை ஆரம்பித்தார். அவர் பதிலே பேசவில்லை. அன்று பத்து விளக்கு மாற்ற வேண்டிய இடத்தில் மூன்று மாற்றினார். மூன்று கம்பத்திலும் பயந்தார். ஐந்தரை மாதம் ஏணி ஏறாமல் இருந்தவர், உடம்பு பழகட்டும் என்று ஓட்டுநர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி சான்றிதழை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள். நல்ல கெட்டித் தாள். தங்க நிற ஓரம். சுருக்கம் இருக்கிறதா என்று பழக்க தோஷத்தில் விரலால் நீவினாள். பிறகு திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் உரக்கப் படித்தாள்.

"'இச்சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். இடைப்பட்ட காலத்தில் நடுக்கம், தள்ளாட்டம், தரை அசைவதுபோன்ற உணர்வு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால், சான்றிதழ் பெற்றவரோ அவரது குடும்பத்தாரோ இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நிலையத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.'"

அவள் நிமிர்ந்தாள்.

"அப்படி ஏதும் இருக்குதாங்க?"

"இல்லையே," என்றார். "பழையபடிதான் இருக்கேன்."

மேசையின் ஓரத்தில் இருந்த கரண்டி தட்டில் மோதி மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்து அப்பால் வைத்தாள். சத்தம் நின்றது. மேசை நிற்கவில்லை.

அவள் சான்றிதழை நாலாக மடித்தாள். நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசைக்கு அடியில் கையை விட்டு, அவருடைய முழங்காலின் மேல் உள்ளங்கையைப் பதித்து அழுத்தினாள். காலர் சுருக்கத்தை அழுத்துகிற அதே பலத்தோடு அழுத்தினாள். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிர்வு நிற்க வெகு நேரம் ஆயிற்று. நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.